ஜகதாம்பாளின் கைராசி

பவானிபூர் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வயது ஆகிறது, விஜயதசமியன்று அதன் சரித்திரத்தை எழுதி வாசிக்கப்போகிறேன் என்று ஸ்ரீனிவாசராகவன் சொன்னபோது ஜகதாம்பாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் சரித்திரம் என்றால் அது அவள் சரித்திரம்தானே? பாங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் காரியதரிசியாகவும் இருந்த அந்த மனிதருக்குக் காபியோடு நாலு தேங்குழலும் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து அவர் எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினார். மொத்தம் எட்டுப் பக்கம். "1909-ஆம் வருஷம் ஸ்ரீமான் சுந்தரேசய்யர் கிருஹத்தில் சில குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் இப்போதைய டீச்சர் பாகீரதியைப் பற்றி.

ஜகதாம்பாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சுந்தரேசய்யர் அவள் புருஷன், ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தா, தங்கமான மனிதர். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அவர் செய்த ஒரே உபகாரம், அது நடக்கிற வேளையில் ஆபீஸில் இருந்ததுதான்.

ஆரம்பித்தவள் அவள். மூத்தவன் அனந்தகிருஷ்ணன் ஆறு வயதில் வங்காளியில் சண்டை போட்டான், வங்காளியில் சமாதானமானான், தூக்கத்தில் உளறியதும் வங்காளியில்தான். ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தான். அன்றைக்கு வந்த ரோஷத்தில், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகள் மூன்று பேரையும் கூட்டிவந்து சமையலறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தாள். ஆதிகங்கைக் கரையிலிருந்து மணல் கொண்டுவரச் சொல்லித் தரையில் பரப்பினாள். அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வந்து ஒரு காதைத் திருகுவாள். காதைத் திருகிவிட்டுப் போய்க் குழம்பை இறக்குவாள். ஐந்து வருஷத்தில் நாலு குழந்தைகள் பதினேழு ஆயின.

அப்புறம் பாகீரதி வந்தாள். கிடர்பூர் துறைமுக ஆபீஸில் இருக்கும் மஹாதேவனின் தங்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். சென்னையில் உபாத்தியாயினிப் பயிற்சி முடித்துப் பத்திரம் வாங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கென்று கூடின கமிட்டிக்காரர்கள் அந்தப் பத்திரத்தைப் பார்த்தார்கள், அடுத்த சந்தில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தார்கள், பதினேழு குழந்தைகளையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். ஜகதாம்பாளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சரியென்று சொல்லியிருப்பாள். கேட்காததுதான் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் பொறுக்கவில்லை. அவளைக் குழந்தைகள் ஐந்து வருஷமும் மாமி என்றே கூப்பிட்டன. பாகீரதியை வந்த அன்றே டீச்சர் என்று கூப்பிட்டன.

ஆனால் ஒரு நாள் மட்டும் ஜகதாம்பாளுடையது. விஜயதசமியன்று புதுக் குழந்தைகளுக்கு அரிசித் தட்டில் முதல் எழுத்து எழுதிவைக்க வேண்டும். டீச்சரே கையைப் பிடிக்கட்டுமே என்று பாகீரதி வந்த முதல் வருஷம் ஸ்ரீனிவாசராகவன் சொன்னார். "மங்கள காரியம். சுமங்கலி கையாலே ஆரம்பிச்சாத் தேவலை," என்றாள் ஜகதாம்பாள். யாரும் மறுக்கவில்லை. பாகீரதியும் தலையை ஆட்டிவிட்டு வாசற்கதவு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். சாஸ்திரத்தின்மேல் ஜகதாம்பாளுக்கு அப்படியொன்றும் பெரிய பிடிப்பு கிடையாது. தன் வாயில் வந்தது சாஸ்திரமல்ல, பொறாமை என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

அந்த வருஷத்திலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. முன்பெல்லாம் அவள் கையைப் பிடித்தால் குழந்தைகள் விரலை விறைத்துக்கொண்டு ஓவென்று அழும். இப்போது ஒன்றுகூட அழுவதில்லை. தட்டின் நடுவில் விரலால் ஒரு தட்டுத் தட்டும். பிறகு பஞ்சு மாதிரி அவள் கையோடு வரும். "பத்திரம் எத்தனை வேணா இருக்கட்டும். கைராசின்னு ஒண்ணு வேண்டாமோ?" என்று எதிர்வீட்டு ராஜலக்ஷ்மியிடம் வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவாள்.

அதனால் இப்போது ஸ்ரீனிவாசராகவனிடம் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"எல்லாம் பேஷா இருக்கு. ஒரு வரி விட்டுப்போச்சு."

"என்ன மாமி?"

"இந்தப் பள்ளிக்கூடத்துலே ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் எழுத்து என் கையாலேதான் ஆச்சு. அதை எழுதுங்கோ. என் பேரைப் போட்டு எழுதுங்கோ. அவர் பேரைப் போட்டு இல்லே."

அவர் அங்கேயே பென்சிலால் எழுதிக்கொண்டார். எட்டுப் பக்கத்தையும் பாகீரதி எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வரி போதும் என்று இருந்தது அவளுக்கு.

விஜயதசமி வந்தது. காளிகாட் பக்கமிருந்து மேளச் சத்தம் காலையிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் துர்கையை ஆற்றுக்குக் கொண்டுபோக ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் இரண்டு அறையும் நிரம்பி, மாமாக்கள் சந்தில் நின்றார்கள். ஸ்ரீனிவாசராகவன் சரித்திரத்தை வாசித்தார். பாகீரதியின் பக்கங்களுக்கு ஜனங்கள் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். "முதல் எழுத்து ஸ்ரீமதி ஜகதாம்பாள் அம்மாளின் கையால்" என்ற வரி வந்தபோது தாய்மார்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஜகதாம்பாள் மடிசாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாகீரதி வழக்கம்போல் கதவோரம் நார்மடிப் புடவையில் நின்றிருந்தாள். ஜகதாம்பாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்; வேண்டுமென்றேதான் பார்த்தாள்.

இந்த வருஷம் புதுக் குழந்தைகள் ஏழு. ஆறு முடிந்தன; ஒன்றும் அழவில்லை. ஏழாவது அவளுடைய கடைக்குட்டி காமு, ஐந்து வயது. சுந்தரேசய்யர் மடியில் உட்கார்ந்துகொண்டு காமு தானாகவே விரலை நீட்டினாள்.

விரல் தட்டின் நடுவில் ஒரு தட்டுத் தட்டியது. ஜகதாம்பாள் கையை நகர்த்துவதற்குள் அது கிளம்பிவிட்டது. தட்டிய புள்ளியிலிருந்து ஒரு சுழி சுழித்து, வளைந்து, நேராக இறங்கி, 'அ' அழகாக முடிந்தது. ஜகதாம்பாளின் கை அதன் பின்னால் சும்மா போயிற்று. காமு அரிசியைத் தடவிச் சமமாக்கிவிட்டு 'ஆ' எழுதினாள்.

"உனக்கு யாருடி இதெல்லாம்..." என்றாள் ஜகதாம்பாள்.

"நடுவுலே ஒரு புள்ளி குத்திட்டு அங்கேருந்து ஆரம்பிக்கணும். டீச்சர் சொல்லிக்குடுத்தா," என்றாள் காமு.

நவராத்திரி பூராவும் கொலுவும் சுண்டலுமாக இருந்ததில், மத்தியானங்களில் குழந்தை எங்கே ஓடுகிறது என்று அவள் பார்க்கவில்லை. ஆனால் இப்போது அவள் நினைத்தது காமுவை அல்ல. அந்தப் புள்ளியை. ஐந்து வருஷமாக அவள் பிடித்த அத்தனை விரலும் நடுத் தட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கிளம்பியது. குழந்தை விளையாட்டு என்று சிரித்திருக்கிறாள். ஒரு குழந்தைகூட அழாமல் இருந்தது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கிற்று. எல்லாக் கையையும் அந்தக் கதவோரத்துக்காரி முன்னாலேயே பிடித்து, பயம் தெளியவைத்து, தன்னிடம் அனுப்பியிருக்கிறாள். முதல் எழுத்து ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை.

"என்னது? டீச்சர் கையைப் பிடிச்சாளா? விஜயதசமிக்கு முன்னாடியேவா?" என்று ராஜலக்ஷ்மி பக்கத்திலிருந்து கேட்டாள். குரலைத் தணித்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். புதுக் குழந்தை ஒன்றின் அப்பா, "இது என்ன ஸ்வாமி அபசாரம்?" என்று காரியதரிசியைக் கேட்டார். பாகீரதி முகம் வெளுத்து நின்றாள்.

ஐந்து வருஷமாக ஜகதாம்பாள் மனசுக்குள் வேண்டிக்கொண்டதெல்லாம் இந்த நிமிஷத்தைத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ரயிலில் பாகீரதி ஹவுராவிலிருந்து சென்னைக்குப் போய்விடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் காமுவின் கையைப் பிடித்தாள் என்று ஆகிவிட்டால், மற்றக் கைகள் என்ன என்று யாராவது கேட்பார்கள். இன்று கேட்காவிட்டால் நாளைக்குக் கேட்பார்கள். குழந்தைகளைக் கேட்டால் குழந்தைகள் சொல்லும். பாகீரதியோடு அந்த ஒரு வரியும் போய்விடும்.

"குழந்தை உளர்றது," என்றாள் ஜகதாம்பாள். "நான்தான் ஆத்துலே எழுதிக் காட்டினேன். பெத்தவ காட்டினா தோஷமில்லையே. டீச்சர்னு சொன்னா எல்லாரும் மெச்சிப்பான்னு சொல்றது."

"இல்லேம்மா, டீச்சர்..." என்று ஆரம்பித்த காமுவின் வாயில் ஒரு கல்கண்டைத் திணித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தேளா, பத்து வருஷமானாலும் மாமி மாமிதான்," என்றார் ஸ்ரீனிவாசராகவன். சுந்தரேசய்யர், தானே எல்லாம் செய்த மாதிரி நாலு பேருக்கும் நமஸ்காரம் சொன்னார்.

கூட்டம் கலைந்தபின் ஜகதாம்பாள் உள்ளறையில் தட்டு அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். பாகீரதி உள்ளே வந்தாள். ஐந்து விஜயதசமியில் அந்தக் கதவோரத்தை விட்டு அவள் வந்தது இதுதான் முதல் தடவை. கண் நனைந்திருந்தது.

"நீங்க மாத்திரம் அப்படிச் சொல்லலேன்னா, மாமி..."

"உனக்காகச் சொல்லலே. எனக்காகச் சொன்னேன்."

பாகீரதி அதை நம்பவில்லை. பெரிய மனசுக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்ட மாதிரி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜகதாம்பாளால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

"குழந்தைகள் அத்தனை பேருக்கு முன்னாலே பயந்து அழறதே, பாவமா இருந்தது. அதனாலேதான் முன்னாடியே ஒரு தரம் கையைப் பிடிச்சு எழுத வெப்பேன். தப்புதான்," என்றாள் பாகீரதி. "இனிமே செய்யமாட்டேன். அம்மா மேலே ஆணை."

ஜகதாம்பாள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். அடுத்த விஜயதசமி கண்முன்னால் வந்தது. ஜனங்கள் நிறைந்த அறை. அவள் கைக்குள் விறைத்த விரல். ஓவென்று ஓர் அழுகை. எல்லோரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். போட்ட முடிச்சை அவிழ்த்தாள், மறுபடியும் போட்டாள்.

"எப்பவும் போலவே எழுத வை," என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மாமி?"

"எழுத வைன்னா வை. இல்லேன்னா அதுகள் என் கையிலேதானே அழும்."