முப்பது ஆம்பியர்

வீட்டுக்குள் ஜெபமாலையில் மூன்றாவது பத்துமணி ஜெபம் ஓடிக்கொண்டிருந்தபோது, லிடியா கொல்லையில் பாதி எரிந்துபோன ரேடியோ கொட்டகைக்குள் மண்டியிட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்று கழன்றுவிட்டன. நான்காவது உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் திருகியதில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடியும் திருகினாள்.

"அடியே லிடியா! அப்பன உள்ள படுக்க வச்சிட்டு இங்க இன்னாடி பண்ற?"

வாசலில் இன்னாசிமேரி அத்தை நின்றாள். செத்துப்போனவருக்கு அக்கா.

"ஜெபம் நடக்குது. பெத்த பொண்ணு பக்கத்துல இல்லன்னா ஜனங்க இன்னா பேசுவாங்க?"

"பேசிக்கினுதான இருக்காங்க. இன்னும் கொஞ்சம் பேசட்டும் அத்தை."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

நேற்றுக் காலை ஏழேகாலுக்கு இந்தக் கொட்டகையில்தான் பாஸ்கல் விழுந்தார். வயது அறுபத்தாறு. தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர். தினமும் காலை ஏழு மணிக்குப் பாண்டி, கடலூர், திண்டிவனம் என்று அங்கங்கே இருக்கும் ஹாம்காரர்களோடு ரேடியோவில் பேசுவார். வானிலை பேசுவார்கள், ஏரியல் உயரம் பேசுவார்கள், முட்டிவலி பேசுவார்கள். முந்தின புயலில் இரண்டு நாள் செல்போன் எதுவும் எடுக்காமல் போனபோது, இந்தத் தெருக்காரர்கள் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல இந்தக் கொட்டகை வாசலில்தான் வரிசையில் நின்றார்கள்.

ரேடியோ ஓடியது வீட்டுக் கரண்ட்டில் அல்ல. கூரைமேல் இருந்த சோலார் தகடு சார்ஜ் செய்யும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில். அந்தப் பேட்டரியிலிருந்து வரும் கரண்ட்டை ரேடியோவுக்கு, விளக்குக்கு, சின்ன விசிறிக்கு என்று தனித்தனி ஃப்யூஸ் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியைச் செய்தது லிடியா. பாண்டியில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு நானூறு இணைப்பை இழுத்துப் பார்த்து, சரியில்லாததை வெட்டிப் போடுகிறவள். பெட்டியை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தாள். பெட்டிக்கும் முன்னால், பேட்டரியை விட்டு ஒரு ஜாண் தூரத்தில், சிவப்பு ஒயரில் முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல் அதுதான் காவல். எங்கே என்ன தப்பு நடந்தாலும் அது முதலில் போய்விடும், மற்றது எல்லாம் பிழைக்கும்.

நேற்றுப் பதினோரு மணிக்கு ஈசிஆர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தவளைப் பார்த்ததும், அம்மா பவுலின் மார்பில் அறைந்துகொண்டு சொன்ன முதல் வார்த்தை, "நீ செஞ்சு குடுத்த பொட்டிடி! அந்தப் பொட்டிதான்டி உங்கப்பன முழுங்கிடுச்சு!"

அழுகையை நிறுத்தி ஊர் திரும்பிப் பார்த்தது. அதற்குள் பேச்சு கடைத்தெருவரை போய்விட்டது. பாஸ்கலுக்கு ரேடியோ கரண்ட் அடிச்சிடுச்சாம். பொண்ணு பண்ண பொட்டியாம்.

பன்னிரண்டு வோல்ட் ஈரக்கையில் தொட்டாலும் அடிக்காது. சுடும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் இரும்பையே உருக்கும் அளவுக்குச் சுடும். அப்பாவைக் குளிப்பாட்டியபோது வலது உள்ளங்கையைக் குறுக்கே வெட்டினாற்போல ஒரு கருப்புக் கோடு இருந்ததை லிடியா பார்த்தாள். ஒயரின் தடிமன். பழுத்து எரிந்த ஒயரை வெறுங்கையால் பிடித்து இழுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அந்தக் கோட்டை மறைத்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள்.

நான்காவது ஸ்க்ரூ கழன்றது. பெட்டியின் மூடியை எடுத்தாள். மேலே புகைக்கரி. உள்ளே ஆறு ஃப்யூஸ். ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றுகூடப் போகவில்லை. பித்தளைப் பட்டை மஞ்சள் மாறாமல் இருந்தது.

பெட்டி செத்தவரைத் தொடவே இல்லை.

பேட்டரிப் பக்கம் நகர்ந்தாள். முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கவேண்டிய கூடு பாதி உருகியிருந்தது. நகத்தால் நெம்பினாள். உள்ளே ஃப்யூஸ் இல்லை. முறுக்கிச் செருகிய செம்புக் கம்பி இருந்தது, நுனியில் மிளகு அளவுக்கு உருண்டையாக உருகி. அந்தக் கூட்டுக்கு அடுத்தாற்போல, அவள் போடாத சிவப்பு ஒயர் ஒன்று முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தது. எங்கும் போகாத ஒயர். அதன் முனை, ரேடியோவைத் தாங்கி நிற்கும், மைனஸ் ஒயர் சேர்த்திருந்த இரும்பு ராக்கின் காலில் ஒட்டிப் பொசுங்கியிருந்தது. முனைக்குச் சற்று மேலே செல்லோ டேப் சுற்றியிருந்ததற்கான பிசுக்கு இன்னும் இருந்தது.

செல்லோ டேப்.

அப்பா இன்சுலேஷன் டேப்பையே நம்பாதவர். மேலே ரப்பர் குழாய் போட்டுத்தான் விடுவார். போன வாரம் முழுக்க அவர் கண்ணில் கட்டு. பாண்டியில் புரை ஆபரேஷன் முடித்து, குனியக் கூடாது, தூசியில் போகக் கூடாது என்று கட்டிலில் கிடந்தார். எட்டு நாள் கழித்து நேற்றுதான் கருப்புக் கண்ணாடியோடு கொட்டகைக்குள் நுழைந்தார்.

லிடியா போனை எடுத்தாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மேலே தள்ளிப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆரோக்கிய பிரபு போட்ட போட்டோ. பெரிய டிவியில் கிரிக்கெட். முன்னால் அவன் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பையன்கள், ஓரத்தில் அம்மா. கீழே எழுதியிருந்தான்: 'ஊரே இருட்டு, நம்ம வீட்ல மட்டும் மேட்ச்!' அதற்கு லிடியா ஒரு இதயம் போட்டிருந்தாள்.

இப்போது அந்த இதயத்தை எடுத்துவிட்டாள்.

"நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" பிரபு கோணிப்பையோடு உள்ளே வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நகரு. இதெல்லாம் வாரிக் கழுவெளித் தண்ணியில போட்டுட்டு வந்துடுறேன். சவப்பெட்டி எடுக்கறதுக்குள்ள இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

லிடியா கூட்டிலிருந்து பிடுங்கிய செம்பு உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது இன்னா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ பண்ணது."

"நான் பண்ணதுல ஆறு ஃப்யூசும் அப்படியே இருக்குது. வந்து பாரு. நான் போட்ட முப்பது எங்க? அந்த ஒயரு யாருது?"

"சாவு வீட்டுல ஆராய்ச்சி பண்ற நேரமா இது?"

"ஞாயித்துக்கிழம கரண்ட் இல்ல. டிவி எதுல ஓடுச்சு?"

அவன் கோணிப்பையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவன் நடத்துவது சவுண்ட் சர்வீஸ். கடையில் பேட்டரிக் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் இருந்தது.

"சொல்லுண்ணா."

"மூணு தடவ போச்சு லிடியா, அந்த ஃப்யூசு. டப்பாவுல இருந்த எல்லாம் தீந்துடுச்சு. நாலு ஓவர்தான் பாக்கி. பசங்க கத்துதுங்க. ரெண்டு இழை முறுக்கிப் போட்டேன். எங்க தொழில்ல எல்லாம் அப்படித்தான் பண்றோம். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல."

"இன்வெர்ட்டர எடுத்துக்கினு போனல்ல? ஒயர ஏன் விட்ட?"

"அடுத்த மேட்சுக்கு..."

வீட்டுக்குள்ளிருந்து 'அருள் நிறைந்த மரியே' ஒரே குரலாக வந்துகொண்டிருந்தது.

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? கண்ணு சரியாத் தெரியாத மனுசன்கிட்ட?"

"சொன்னா திட்டுவாருன்னு..."

லிடியா கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை வீசினாள். அவன்மேல் படவில்லை. சுவரில் பட்டு விழுந்தது. "போய் அம்மாகிட்ட சொல்லு. நேத்துலேர்ந்து அவங்க என்னைத்தான் கொலகாரின்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்த. போய்ச் சொல்லு!"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் தள்ளிக்கொண்டு அவளே வெளியே வந்தாள்.

பவுலின் அப்போதுதான் முகம் கழுவத் தண்ணீர் டிரம் பக்கம் வந்திருந்தாள். லிடியா எதுவும் பேசாமல் உள்ளங்கையை நீட்டினாள். அம்மா அந்தச் செம்பைப் பார்த்தாள். என்ன அது என்று கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டாள்.

கேட்காததுதான் லிடியாவுக்கு முதலில் உறைத்தது.

"தெரியுமா உனக்கு?"

"மெதுவாப் பேசு."

"அம்மா, தெரியுமா உனக்கு?"

"நான்தான்டி டார்ச் புடிச்சேன்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "இருட்டுல தெரியலன்னான். புடிச்சேன். அது இன்னா ஏதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அப்பறம் ஏன் என்னைச் சொன்ன?"

"நீ தாங்குவ. அவன் தாங்க மாட்டான்டி, எதனா பண்ணிக்குவான். நீ நாளான்னைக்குப் பாண்டிக்கு பஸ் ஏறிடுவ. நான் இங்க அவன்கூடத்தான இருக்கணும்?"

"நான் தாங்குவேன்னு உனக்கு யாரு சொன்னது?"

அம்மா சொம்பை டிரம்மின் விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய ஒப்பாரி மறுபடியும் கேட்டது. அந்த ஒப்பாரி பொய் இல்லை என்பதும் லிடியாவுக்குத் தெரிந்தது. அது அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது.

மூன்று மணிக்கு, சவப்பெட்டியைப் பந்தலுக்குக் கொண்டுவந்து வைத்தபோது, பாண்டியிலிருந்து கௌதமன் வந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர், காலை ஏழு மணிக் கூட்டத்தை நடத்துகிறவர். பாஸ்கலோடு பன்னிரண்டு வருஷம் பேசியிருந்தாலும் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. மாலையைப் போட்டுவிட்டு லிடியாவிடம் வந்தார்.

"நேத்து என்கூடத்தாம்மா பேசினாரு. கண்ணு நல்லாத் தெரியுது, தூரத்துல உப்பள மோட்டார் கொட்டாய்கூடத் தெரியுதுன்னாரு. அப்பறம், 'இருங்க, ஏதோ வாடை வருது'ன்னாரு. அவ்ளோதான். அரை மணி நேரம் மாத்தி மாத்திக் கூப்பிட்டுக்கினே இருந்தோம்."

லிடியா தலையாட்டினாள்.

"நாளைக்குக் காலைல அவருக்காக எல்லாரும் அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கப் போறோம். அதுக்கு முன்னாடி காரணத்தைச் சொல்லணும்மா. இதே மாதிரி பேட்டரி எங்க எல்லார் வீட்டுலயும் இருக்குது. எதனால ஆச்சு?"

பந்தலில் பேச்சு அடங்கியது. சவப்பெட்டியின் தலைமாட்டிலிருந்து பவுலின் நிமிர்ந்தாள்.

"பொட்டி கோளாறுங்க சார்," என்றாள். "பொண்ணு ஆசையாப் பண்ணிக் குடுத்துச்சு. அது தலையெழுத்து."

கௌதமன் லிடியாவைப் பார்த்தார். பிரபு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மாவின் கண்கள் லிடியாவை விட்டு நகரவில்லை. கெஞ்சின, மிரட்டின, இரண்டும் ஒரே பார்வையில்.

"பெட்டில கோளாறு இல்ல சார்," என்றாள் லிடியா. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "பேட்டரி வாயில முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் இருந்துச்சு. அதை எடுத்துட்டு செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருக்காங்க. டிவி பாக்குறதுக்கு. அப்பறம் ஒயரை அப்படியே விட்டுட்டாங்க. அது ராக்குல பட்டுடுச்சு. ஃப்யூஸ் இருந்திருந்தா அந்த நிமிஷமே நின்னிருக்கும். இதை அப்படியே சொல்லுங்க."

"யாரும்மா போட்டது?"

"எங்க அண்ணன்."

டார்ச்சைப் பற்றி அவள் சொல்லவில்லை.

இன்னாசிமேரி அத்தை வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். பிரபுவின் பெரிய மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு டிவி இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். பவுலின் சவப்பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கோவிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. யாரோ, "நேரமாச்சு, தூக்குங்கப்பா," என்றார்கள்.

பிரபு முன்பக்கம் தோள் கொடுத்தான். அவனுக்குப் பக்கத்தில் தோள் கொடுக்க வேண்டிய சித்தப்பா மகன் நடுவுக்கு நகர்ந்துகொண்டான். வேறு ஒருவர் வந்து பிடிக்கும்வரை பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் உப்பளம். மழை விட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பாத்திகளில் இன்னும் கலங்கல் தண்ணீர். வெட்டி வைத்த குழியிலும் முழங்கால் அளவுக்கு ஊற்று ஏறியிருந்தது. சாமியார் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழி வெட்டியவர், "காலையிலேர்ந்து மூணு வாட்டி இறைச்சாச்சு ஃபாதர். உப்புத் தண்ணி, ஊறிக்கினே இருக்குது," என்றார்.

பிரபு செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையோடு குனிந்து, பிளாஸ்டிக் வாளியில் அள்ளி மேலே நீட்டினான்.

குழியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். வாளியை வாங்க ஒரு கைகூட வரவில்லை. அவன் தூக்கியபடியே நின்றான். வாளி சாய்ந்து, தண்ணீர் அவன் முகத்திலேயே வழிந்தது. பவுலின் ஒரு அடி முன்னால் வந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

லிடியா போய்க் குனிந்து வாளியை வாங்கினாள். சுவரோரமாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து குழிக்குள் நீட்டினாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. குழியின் ஓரத்து மண்ணில் கசிந்து இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைத்தான் பார்த்தாள்.

"இன்னும் இருக்குது," என்றாள். "அள்ளு."