மூன்று முறை மாற்றிய கண்ணாடி

அத்தான் என் கண்ணாடிக் கடைக்கு வந்தால் சோதனை நாற்காலியில் அமர்வதில்லை. என் மேசையோரம் அமர்ந்து தேநீர் கேட்பார்.

"மச்சான், உன் கண்ணாடி சரியில்ல. கதவு நிலையெல்லாம் என்னை வந்து இடிக்குது," என்றார் முதன்முறை.

"வீட்டைக் கொஞ்சம் அகலப்படுத்திடலாமா அத்தான்?" என்றேன். உடன் வந்திருந்த அக்காள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முன்பின் அறியாதவர் எவர் வந்தாலும், ஒரு கண்ணை மூடச் சொல்லி, பக்கவாட்டில் விரல்களை அசைத்து, அவை தெரிகின்றனவா என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொள்வது என் வழக்கம். ஒரு நிமிட வேலை. சொந்த அத்தானுக்கு அட்டை எதற்கு என்று பவரை மட்டும் கூட்டினேன்.

இரண்டாம் முறை, எழுத்துப் பலகையில் வரிதோறும் இடக்கோடி எழுத்தை விட்டுவிட்டு வாசித்தார். விளையாடுகிறார் என்றெண்ணிக் குச்சியால் தொட்டுக் காட்டினேன். தலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிட்டார். மறுபடியும் பவரை மாற்றினேன்.

மூன்றாம் முறை அக்காளே முறையிட்டாள். "தட்டுல ஒரு பக்கத்தை அப்படியே வெச்சுட்டு எழுந்திரிக்கிறார்டா."

"உன் சமையலுக்கு ஒரு பக்கமே அதிகம்," என்று சொல்லி மூன்றாம் முறையும் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, இடப்புறம் நின்றிருந்த வண்டியின் மேல் ஸ்கூட்டரை மோதி மருத்துவமனை சேர்ந்தார். இருமல் இல்லை, வலி இல்லை. ஆயினும் நுரையீரலில் ஒளிந்திருந்த புற்றுநோய் மூளைக்குப் பரவி, பார்வையின் இடப்பாதியை மறைத்திருந்தது.

"கண்ணுல கோளாறே இல்ல," என்றார் மருத்துவர். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா, இத்தனை கட்டி இருந்திருக்காது. ஏதாவது செஞ்சிருக்கலாம்."

வராந்தாவில் அக்காளிடம் அனைத்தையும் கூறினேன்.

"அப்போ, விரலை ஆட்டிப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும் அக்கா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அவர்கிட்ட சொல்லிடாதே. உன்மேல வெச்சிருக்கிற நம்பிக்கையையாவது விட்டு வை," என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

உள்ளே நுழைந்தோம். அத்தான் செவிலியிடம் பெருமையோடு கூறிக்கொண்டிருந்தார்: "இவன்தாம்மா நம்ம மச்சான். கண்ணுல என்ன குறைன்னாலும் இவன்கிட்ட போ. பார்த்த உடனே சொல்லிடுவான்."

செவிலி என்னை நோக்கிப் புன்னகைத்தாள். அக்காளுக்குக் கொடுத்த வாக்கின்படி, நானும் புன்னகைத்தேன்.