பச்சைக் கண்ணாடிக்கு ஒரு மீசை

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். நெய்வேலியில் நிலக்கரிச் சாம்பலைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கிருந்த சின்ன உலையைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடி செய்யும் ஆசை பிடித்துவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வெல்டர் கொளஞ்சியப்பனிடம் போய்ச் சவால் விட்டார்.

"மைன்ஸ்ல தோண்டிப் போடுற மணல்லயே பளிங்கு மாதிரி கண்ணாடி எடுத்துக் காட்டுதேன். பச்சை தட்டிச்சுன்னா மீசையை எடுத்துருதேன்."

கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அப்பனோ ஆத்தாளோ போனால்தான் மீசையை எடுப்பார்கள். மாமனார் போய் வெகுகாலம். மாமியாரோ குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து வேறு வருகிறார்.

செம்மண் நிறம் போக மணலை அமிலம் ஊற்றிக் கழுவினார். மல்லிகைப்பூவாக வெளுத்தது. அதோடு விட்டாரா மனுஷர்? இன்னும் நைசாக வேண்டுமென்று என் இரும்பு உரலில் போட்டு இடி இடியென்று இடித்தார். கேட்டிருந்தால் கல்லுரலைக் கொடுத்திருப்பேனே!

ஞாயிறு காலை உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டோடு வந்தார். நல்ல வெள்ளரிப் பச்சை.

"சீக்கிரமே உருகிச்சு, அப்பவே நினைச்சேன்" என்றார். "உரல் இரும்பு கலந்துட்டு. இரும்பு சேர்ந்தா மணலோட பிடிப்பு தளர்ந்துரும், பச்சையும் ஏறிரும்." சொல்லிவிட்டு அந்தத் துண்டை வைத்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியையும் சவரக் கத்தியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

பாவமாக இருந்தது; ஆத்திரமாகவும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கொளஞ்சியப்பன் வந்தார். பச்சைத் துண்டைக் கையில் எடுத்தார். எரிந்துகொண்டிருந்த என் கரியடுப்புக்கு முன்னால் குனிந்து, அதை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அட, கனல் தெரியுது, அனல் வரலீங்களே! ஒர்க்ஷாப்புல உலையப் பாத்துகினே நின்னு எம் மூஞ்சி வெந்து போவுது அண்ணி. வெள்ளையா வந்திருந்தா சூடும் அப்படியே வந்திருக்கும். இத எனக்குக் குடுங்க."

"தாரேன். மீசையை விட்டுருங்க."

"அந்த மீசைய வச்சிகினு நான் இன்னா பண்றது? சார்கிட்ட வாணாம்னு சொல்லுங்க!"

விழுந்தடித்து ஓடினேன். இவர் திரும்பினார். இடது பக்கம் வழவழவென்று இருந்தது. வாய் நீளமானவருக்குக் கையாவது மெதுவாக இருக்கக் கூடாதா? பாதி மீசையோடு மனுஷன் நிற்க முடியுமா? மிச்சத்தையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

முகத்தைத் துடைப்பதற்குள் வாசலில் மாமியார். மகனை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த பை நழுவியது.

"ஏலே, நான் செத்துட்டேன்னு ஒனக்கு எவம்லே சொன்னது?"