குடையோடு வந்த பத்தாவது பிள்ளை

சிலிம் ரிவர் என்ற ஊருக்கு அப்பால், ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த ஒரு தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில், சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆங்கிலப் பாடத்தின் நடுவே படத்திலிருந்து ஒரு பசு இறங்கி வந்தது. கார்மென் டீச்சர் பட அட்டைகளைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் சொல்லச் சொல்லியிருந்தார். பசுப் படத்துக்கு ஷர்வின் என்ற பையன் திக்காமல் சொன்னான். உடனே அட்டை வெள்ளையாயிற்று, பசு மேசையருகே நின்றது. ஒரு பக்கம் மட்டுமே வரைந்திருந்ததால் அதன் மறுபக்கம் வெறும் தாள். தோட்டத்துப் பிச்சைமுத்து அதை ஓட்டிப்போய்க் கட்டிக்கொண்டார். மறுநாள் ஒரு பந்தும் இரண்டு வாழைப்பழமும் வந்தன. பழத்தைத் தின்ற பிள்ளைகள் கொஞ்சம் பசை ருசி தெரிகிறது என்று குறை சொன்னார்கள்.

கார்மெனுக்கு இதிலெல்லாம் மனம் போகவில்லை. குடும்பங்கள் பிழைப்புத் தேடி ஈப்போவுக்கும் காம்பாருக்கும் போய்விட, பள்ளியில் மிஞ்சியது ஒன்பது பிள்ளைகள். பத்துக்குக் குறைந்தால் மூடிவிடுவோம் என்று கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த மாதம் ஓர் அதிகாரி வந்து தலை எண்ணப்போகிறார். பதினோரு வருஷம் நின்று பாடம் நடத்திய அறை. ஆகவே வியாழக்கிழமை ஒரே ஓர் அட்டையை ஒட்டினார்: மழையில் மஞ்சள் குடை பிடித்து நிற்கும் சிறுமி. செய்வது சரியா என்று அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டேதான் தினேஸ்வரியை எழுப்பி வாக்கியம் சொல்லச் சொன்னார்.

சிறுமி வந்தாள். அவளோடு மழையும் வந்துவிட்டது. ஒரு முழ அகலத்துக்கு, அவள் குடைமேல் மட்டும் பெய்தது. பழைய ரப்பர் பால் வாளி ஒன்றை நாற்காலியருகே வைத்தார்கள். கான்டீனில் சமைக்கும் காளியம்மா, பிள்ளையில்லாதவர், துண்டெடுத்து அவள் முழங்காலைத் துடைத்தார். துடைத்தவர் பிறகு அவளை விடவே இல்லை. புஷ்பலதா என்று பெயரும் வைத்துவிட்டார்.

காளியம்மா அவளைத் தன் பிள்ளையாகப் பதியக் கூட்டிப்போனபோது, பதிவு அலுவலகத்தில் தர்மா என்ற குமாஸ்தா மழையைக் கண்டுகொள்ளவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பதும் அவருக்குப் புதிதல்ல. தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். காளியம்மாவுக்கே நாற்பது வயதில்தான் அடையாள அட்டை கிடைத்தது. தாமதப் பதிவுக்கான படிவத்தை நீட்டியபடி தர்மா கடிந்துகொண்டார்.

"ஏன்க்கா, இத்தன வருசமா பதியாம என்னா செஞ்சீங்க? எப்பவும் இதே கததான் லா."

"தப்புதான் தம்பி," என்றார் காளியம்மா. "இனிமே ஒழுங்கா பாத்துக்குறேன்."

அதிகாரி வந்தார், எண்ணினார், பத்து. ஈரத் தரையைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்டு போனார். ஜூன் மாதம் புதுத் தகரம் போட்டார்கள். மழை நிற்கவில்லை, ஒப்பந்தக்காரர் சரியில்லை என்று எழுதி மறுபடியும் போட்டார்கள்.

மீதி அட்டைகளைக் கார்மென் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிறார். பத்தாவது பெயருக்கு மழைச் சத்தத்தோடு பதில் வந்த பிறகுதான் நாற்காலியில் உட்காருகிறார்.