சும்மா வந்தவர்

ஃபேன் மெக்கானிக் வந்த விமானம் அன்று அந்தச் சின்ன விமான நிலையத்தில் நான்கு முறை தரையிறங்கியது. ஒரே விமானம், ஒரே பயணிகள், ஒரே பெட்டிகள். மூன்றாவது முறை இறங்கும்போது கைக்குழந்தைகள்கூட அழுவதை விட்டுவிட்டு, ஆனது ஆகட்டும் என்ற முகத்தோடு தோளில் சாய்ந்துகொண்டன. ஓடுபாதையில் கொடி காட்டுகிறவர் நான்கு தடவையும் சலிக்காமல் காட்டினார். தோள்பட்டை வலித்தது என்று மட்டும் பிற்பாடு சொன்னார்.

காரணம் ஒரே ஒரு சொல். முதல் முறை இறங்கியபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சுற்றுலா விசா தருகிற அறையில் ஒரு மேசை, பேரிங் காய்ந்து முனகும் ஒரு ஃபேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ஒரு அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் மெக்கானிக்கின் அக்கா, தலை நரைத்துப்போய், இரண்டு கையையும் கண்ணாடியில் பதித்தபடி நின்றிருந்தாள். வீட்டுக்குப் பிடிக்காதவரைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பிய நாளில், "செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியவர் இவர்தான். கத்திய வாயால் அக்காவைப் பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? எதுக்கு வந்தீங்க என்று அதிகாரி கேட்டார், அந்தப் பெண் அதை மெக்கானிக்கின் பாஷையில் கேட்டாள். "சும்மாதாங்க" என்றார்.

பொய், பித்தலாட்டம், தேன்நிலவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மொழிபெயர்த்துத் தள்ளுகிறவள், இந்தச் சொல்லில் சறுக்கினாள். அவள் சொல்கிற அர்த்தத்துக்கு அதிகாரி தலையாட்டிவிட்டால் அந்தக் கட்டடத்துக்குள் அது அப்படியே நடந்துவிடும், அரசாங்க விஷயம். அவள் 'இலவசமாக' என்றாள். அவர் தலையாட்டினார். குளிர்பான இயந்திரம் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாட்டில்களைத் துப்பியது. 'சத்தமில்லாமல்' என்றாள். ஃபேனின் முனகல் நின்றது. தன் கை படாமல் ஒரு பேரிங் சரியானதில் மெக்கானிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். சும்மா சும்மா என்றால் அடிக்கடி என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்று அவள் இழுத்த பிறகுதான் விமானம் இன்னும் மூன்று முறை இறங்கியது, அவரும் மூன்று முறை பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து அதே மேசை முன்னால் நின்றார். கடைசியில் களைத்துப்போய், 'வெறுமனே, உள்ளே ஒன்றுமில்லாமல்' என்றாள். பெட்டி காலியானது. மெக்கானிக் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பினார்.

அதிகாரி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவர் சொன்னதை அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தரையில நிக்காதவர் இன்னும் வந்தே சேரலையாம். வந்து சேராதவருக்கு எப்படிங்க விசா குடுக்கிறதுன்னு கேக்கிறாரு. வந்த விமானத்துலயே திரும்பிப் போயிடணுமாம்."

வெளியே இன்ஜின் உறும ஆரம்பித்தது. இப்போது திரும்பினால் தன் ரோஷம் இன்னொரு டிக்கெட் எடுக்கவிடாது என்று மெக்கானிக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்காமல், கால் கட்டைவிரலை நீட்டித் தரையைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை.

அந்தப் பெண் பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய்க் கண்ணாடிச் சுவரின் கதவைத் திறந்தாள். "அம்மா, இவரு சும்மா வந்தேன்னே சொல்றாரு. உங்க வீட்ல அதுக்கு என்னதான் அர்த்தம்?"

"அழுதுட்டு வந்திருக்கான்னு அர்த்தம்" என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்துல உதை வாங்கி, மூஞ்சி பன்னு மாதிரி வீங்கி வந்து நிப்பான். என்னடான்னா சும்மாம்பான்."

"நிறுத்துக்கா! ஊர்விட்டு ஊர் வந்து மானத்த வாங்காத!"

"வாயத் திறந்துட்டியா, ரோஷக்காரா? போதும், இறங்கி வாடா."

இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி தலையாட்டவும் இல்லை. மெக்கானிக் இறங்கினார். இடது குதிகால் பட்ட இடத்தில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டது. அதிகாரி மறுபடி குனிந்து பார்த்து, இரண்டு காலும் தரையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முத்திரையைக் குத்தினார்.

இப்போதும் அங்கே சும்மா வந்தேன் என்கிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எழும்பி நிற்பவர்களை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்களுக்காக யார் நிற்கிறார்கள் என்று விசாரிக்க ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். தரை துடைக்கிற அம்மாவுக்குத்தான் அதில் சௌகரியம். காலைத் தூக்குங்க என்று கேட்க வேண்டியதில்லை.