மாமியார் கொடுத்தது

குனிந்து பார்த்தேன். மூத்திரப் பையின் அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்குத்தான் இருந்தது, அதுவும் கடுந்தேநீர் நிறத்தில். பின்னால் நின்ற மாணவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவளும்தான். சிறுநீரக மாற்றுப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் முதலில் பழக்கவேண்டியது முகத்தைத்தான்.

"தூங்குது. புது இடமில்லையா? எழுந்துக்கும்" என்றேன்.

"எங்க அத்தை விடியறதுக்கு முன்னாடியே எழுந்து தெருவையே எழுப்பற ஆளு டாக்டர். அவங்க கிட்னி மட்டும் ஏன் இப்படித் தூங்குது?"

மாணவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கை போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. முதலில் தானம் செய்ய வந்தவன் அவள் கணவன். அவனுக்குப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தபோதே அவன் அம்மா தனியாக வந்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆயுசு முழுக்கத் துணிக்கடையில் நின்றே வேலை பார்த்த, இரும்பு மாதிரி உடம்பு. "அவன் வேணாம். என்னுதை எடுத்துக்குங்க" என்றாள், புடவையை எடுத்துப் போடுகிற சாதாரணத்தோடு.

பொருந்தியது. முடிவைச் சொன்னபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. "கதவைச் சாத்தறதுல இருந்து குழம்புக்கு உப்பு போடறது வரைக்கும் எனக்கும் அவளுக்கும் எதுலயும் ஒத்துப்போனதில்ல. இதுல ஒத்துப்போச்சாமா!" தானம் தருபவரிடம் தனியாகக் கேட்டாகவேண்டிய கேள்வியையும் கேட்டேன். யாராவது வற்புறுத்துகிறார்களா? வேண்டாமென்றால் காரணத்தை வெளியே சொல்லாமல் நாங்களே நிறுத்திவிடுவோம்.

"என்னை வற்புறுத்த இனிமேல்தான் ஒரு ஆள் பொறந்து வரணும்."

அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. ரத்தத்தைத் திறந்துவிட்டதும் சிறுநீரகம் பூப்போலச் சிவந்ததாக அறுவை மருத்துவர் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அது வேலை செய்யவில்லை. மறுபடியும் டயாலிசிஸ். ஸ்கேனில் ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் மிச்சமிருந்த பயம் ஒன்றுதான். மருமகளின் உடம்பு அதை அந்நியமென்று தள்ளுகிறதோ? ஊசியால் கிள்ளியெடுத்த துணுக்கு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு என் அறைக்கு வந்தேன்.

கதவருகே மாமியார் நின்றிருந்தாள். அன்று அவள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தோம். விலாவைக் கையால் தாங்கியபடி மெதுவாக வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது."

"கேளுங்கம்மா."

"மனசார குடுக்கலைன்னா, ஒட்டாதா?"

மேஜையிலிருந்த கோப்புகளை ஓரமாக நகர்த்தினேன்.

"அவளுக்காக நான் குடுக்கல. எம் பையன் வயித்துல கத்தி படக் கூடாதுன்னு குடுத்தேன். பக்கத்து கட்டில்காரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, உங்கள மாதிரி மாமியார் உண்டான்னு அழுவுறாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அது அங்க போய் மொறைச்சுக்கிட்டுக் கெடக்கறதுக்கு என் மனசுதான் காரணமோன்னு…"

உடலிலிருந்து எடுத்த உறுப்பு ரத்தமில்லாமல் இருக்கும் நேரத்தில் என்னென்ன ஆகும் என்று வருஷா வருஷம் வகுப்பெடுக்கிறேன். அதில் ஒரு வரிகூட அப்போது உதவவில்லை.

"யார் யாருக்காகக் குடுத்தாங்கன்னு கிட்னிக்குத் தெரியாதும்மா. அதுக்கு ரத்தம் வந்தா போதும்."

"உங்களுக்கு அது கிட்னி" என்றாள். "எனக்கு அப்படியில்லையே. படுத்தா அதுகிட்டதான் பேசறேன். ஒழுங்கா வேலையப் பாரு, என் மானத்த வாங்காதேன்னு."

சிரிக்கக் கூடாது என்று சொன்னவளே லேசாகச் சிரித்தாள். தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் சோதனை முடிவு வந்தது. உடம்பு அதைத் தள்ளவில்லை. உள்ளிருக்கும் நுண்குழாய்கள் அதிர்ச்சியில் மரத்துப்போயிருந்தன, அவ்வளவுதான். காத்திருக்கவேண்டும். பெரும்பாலும் எழுந்துவிடும், எழாமலே போனதும் உண்டு. இரண்டையும் மருமகளிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள்.

"அத்தை உங்க ரூமுக்கு வந்தாங்களா?"

"அவங்க பேசினத நான் சொல்ல முடியாதும்மா."

"சொல்ல வேணாம், எனக்கே தெரியும். அவருக்காகத்தான் குடுத்தாங்க." கண்ணைத் திறந்தாள். "நானும் அதே மாதிரிதான் டாக்டர். நீங்க குடுக்காதீங்கன்னு அவர்கிட்ட தெனமும் சண்ட போட்டேன். எனக்கு ஏதாவது ஆனாலும் புள்ளைங்களுக்கு அவராவது முழுசா இருக்கணும்ல? நானும் அத்தையும் ஒரே கட்சியில இருந்தது அந்த ஒரு விஷயத்துலதான்."

"இத அவங்ககிட்டயே சொல்லலாமே."

"சொன்னா அழுதுடுவாங்க. அவங்க அழுது நான் பார்த்ததே இல்ல. பயமா இருக்கு."

இருவரின் வார்த்தைகளும் என்னிடம் இருந்தன. எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் உரிமை எனக்கு இல்லை. மாமியாரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் மகன் வீட்டுக்குப் போனான். மறுநாளே முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். பேச்சு அதிகமில்லை. சோதனை ரத்தம் எடுக்கும்போது மட்டும் நர்ஸிடம், "பாத்து குத்தும்மா, நேத்து குத்தினதே நீலம் பாரிச்சுக் கெடக்கு" என்பாள்.

பிறகு ஒருநாள் நான் வகுப்பில் இருந்தபோது ஜூனியர் டாக்டர் கதவைத் தட்டாமலே எட்டிப் பார்த்தாள். "மேடம், வந்துடுச்சு! காலையிலயிருந்து நிக்கவேயில்ல, பை ரொம்பிடுச்சு!" என்ன வந்தது என்று விளங்காமல் வகுப்பு விழித்தது. "மூத்திரம்" என்றேன். கடைசி வரிசையிலிருந்து யாரோ கைதட்ட, மொத்த அறையும் தட்டியது. மூத்திரத்துக்கு இத்தனை கைதட்டல் வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும்!

வகுப்பைப் பாதியில் விட்டு மாணவர்களோடு வார்டுக்குப் போனேன். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தவள், கையை நீட்டி அவர்களை நிறுத்தினேன்.

மருமகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல நாள் வாராத தலை. பின்னால் மாமியார் நின்றுகொண்டு, கழுத்தில் செருகியிருந்த டயாலிசிஸ் குழாயில் படாதபடி முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாரிக்கொண்டிருந்தாள். மருமகள் முன்னால் பார்த்தபடியே ஏதோ சொன்னாள். நீளமாக, நிறுத்தாமல் சொன்னாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சீப்பு நடு முடியில் அப்படியே நின்றது. மாமியார் புறங்கையால் முகக்கவசத்தைக் கண்வரைக்கும் ஏற்றி அழுத்திக்கொண்டாள். பிறகு ஒரு சிக்கை வேர்ப்பக்கம் இறுகப் பிடித்து, வலிக்காமல், நுனியிலிருந்து எடுக்கத் தொடங்கினாள்.