நாரைகளுக்கு வந்த சீர்

பாலக்கோட்டுப் பக்கத்தில் அந்த ஏரிக்கரை முழுக்கப் புளியமரங்கள். தீபாவளி முடிந்து, மார்கழி பிறந்த பிறகுதான் நாரைகள் வந்து கூடு கட்டும். அவை குஞ்சு பொரிக்கிற நேரமும் ஊரில் புளி உலுக்குகிற நேரமும் ஒன்றாக வந்து தொலைக்கும். மரத்துப் புளியை ஏலம் எடுத்தவன் ஆள் விட்டு மூங்கில் கழியால் அடிப்பான். புளியோடு குஞ்சுகளும் விழும்.

ஊரே சேர்ந்து காசு போட்டு ஏலத்தை எடுத்துவிட்டால் மரத்தை யாரும் தொடமாட்டார்கள் என்று கிளம்பியவள் எழிலரசி. பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவள். முதலில் யாரும் மசியவில்லை. "கொக்குக்கெல்லாமா வசூலு?" என்று சிரித்தார்கள். கடைசியில் அவள் சொன்ன ஒரு பேச்சுதான் ஊரை இளக்கியது.

"புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க பொறந்த வூட்டுக்கு வர்ற மாதிரி வந்திருக்குதுங்க. நம்ம வூட்டுப் பொண்ணை அடிச்சுத் தொரத்துவோமா?"

அதற்கப்புறம் காசு தானாக வந்தது. தக்காளி மண்டி குப்புராஜ், "அப்ப நாந்தான் தாய்மாமன்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு, குறைந்ததையெல்லாம் ஒரே ஆளாகப் போட்டார். ஏலம் ஊருக்கே கிடைத்தது. எழிலரசிக்கு உச்சி குளிர்ந்து போனது.

குஞ்சுகள் கூட்டுக்கு வெளியே தலைகாட்டத் தொடங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிப்பக்கம் பம்பைச் சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஓடினாள். குப்புராஜ் பட்டு வேட்டியில் முன்னால் வர, சொந்தபந்தமெல்லாம் தாம்பாளத் தட்டுகளோடு பின்னால் வந்தது. தேங்காய், பழம், ஒரு கூடை கெண்டை மீன். மனுசன் நாரைகளுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்திருந்தார்!

"வெடி வேண்டாங்க!" என்று கத்தினாள். பம்பைச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? மரத்தடியில் விரித்திருந்த சரவெடியைப் பற்றவைத்துவிட்டார்கள்.

பெரிய பறவைகள் மொத்தமாக எழும்பிப் போயின. கூட்டின் விளிம்பில் நின்ற குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. புகை அடங்கும் முன்பே பம்பைக்காரர் வாசிப்பை நிறுத்தியிருந்தார்.

"சீர்னா வெடி இல்லாம எப்படி வர்றது?" குப்புராஜுக்கு நாக்கு குழறியது. "நீதானம்மா பொறந்த வூடுன்னு சொன்ன..."

தீபாவளி வெடியெல்லாம் இவை வருமுன்பே தீர்ந்துவிடும். வெடித்தால் என்ன ஆகுமென்று ஊருக்குத் தெரிய வழியே இருந்ததில்லை. நாரைகளைப் பற்றித் தேடிப் படித்திருந்த எழிலரசி ஒருத்திக்குத்தான் அது தெரியும். காசு சேர்ந்த பூரிப்பில் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை.

பொழுது சாய்ந்தும் நாரைகள் இறங்கவில்லை. மறுநாளும் வரவில்லை. மேலே மிச்சமிருந்த குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டே இருந்தன. குப்புராஜ் ஆளை மரமேற்றி, மீனை நறுக்கி ஊட்டப் பார்த்தார். ஆளைக் கண்டு மிரண்டு இன்னும் சில விழுந்தன. அவற்றைத் தன் துண்டில் எடுத்து வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவளின் பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல அழுதார். அவரைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால், எழிலரசிக்கு அதற்கும் வாய் வரவில்லை.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் ஏரிக்குப் போனாள். அவளுக்கு முன்பே குப்புராஜ் மீன் கூடையோடு மரத்தடியில் நின்றிருந்தார். மேலே ஒரு சத்தமும் இல்லை.

"தூங்குதுங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள்.